தீக்காய விபத்தில் சிகிச்சை முன்னுரிமை
பலர் ஒரே நேரத்தில் காயமடையும்போது யாருக்கு முதலில் சிகிச்சை அளிப்பது என்று வகைப்படுத்துவது டிரையாஜ் எனப்படும். சிவப்பு நிறம் உடனடிச் சிகிச்சை தேவைப்படுவோருக்கும், மஞ்சள் சற்றுக் காத்திருக்கக் கூடியோருக்கும், பச்சை சிறு காயம் பட்டோருக்கும், கருப்பு இறந்தோருக்கும் உரியது.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர், பலர் காயமடைந்தனர். இத்தகைய விபத்துகளில் வலியால் அலறுபவரே முதலில் கண்ணில் படுவார். ஆனால், அலற முடிந்தால் அப்போதைக்கு அவரது மூச்சுப்பாதை திறந்திருக்கிறது என்று பொருள். முகம் கருகி, மூக்கில் புகைக்கரி படிந்து, குரல் கம்மியவர் அமைதியாக உட்கார்ந்திருந்தாலும் சிவப்பு வகையே. சூடான புகையால் தொண்டை வீங்கி, சில மணி நேரத்தில் மூச்சு அடைபடலாம். எனவே ஒருமுறை வகைப்படுத்தியவரையும் மீண்டும் மீண்டும் பரிசோதிக்க வேண்டும்.