கச்சான் மாதங்களில் ஓயாவில் மிஞ்சும் நீர்

ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வரண்ட கச்சான் காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தையும் நல்ல விலையையும் கொடுக்கிறது. அதே காற்றில்தான் லயத்துப் பீலி நூலாக ஒழுகத் தொடங்கும். பதுளை, ஹாலி-எல, பண்டாரவளைக் குழாய்களுக்குத் தண்ணீர் போதாமல் போவதும் அப்போதுதான். ஆற்று மீனுக்கும் அந்த மாதங்களே கண்டம். ஆனால் நீர்த்திட்ட அறிக்கைகளில் அடிக்கடி கண்ணில் படுவது வருடச் சராசரி. சராசரியில் எந்த ஓயாவும் வற்றுவதில்லை.

உமா ஓயாவும் பதுளு ஓயாவும் மகாவலியின் கிளைகள். மகாவலிப் படுகையில் வாழும், இலங்கைக்கே உரிய மீன் ஒன்றுக்குச் சிங்களத்தில் கடயா என்று பெயர். அறிவியற்பெயர் லேபியோ ஃபிஷெரி. 1917 இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்த இனம் இன்று உலகச் செம்பட்டியலில் அழியும் ஆபத்துள்ளவற்றுள் இருக்கிறது. பாறைகளுக்கிடையே பாய்ந்தோடும் நீரும் ஆழமான கசங்களும் இதற்கு வேண்டும். பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்று வாழும். ஓயாவின் குறுக்கே அணை எழுந்து அதற்கு மேலே நீர் தேங்கினால், சேறு படிந்து அந்தப் பாசி மூடப்படும். அணைக்குக் கீழே கசங்கள் தனித்தனிக் குட்டைகளாகி, வெயிலில் சூடேறும். இடையில் நிற்கும் சுவரோ மேலேறும் வழியை அடைக்கும். குட்டையில் ஒதுங்கிய மீனை வெடிவைத்தும் நஞ்சு கலந்தும் பிடிப்பவர்களும் உண்டு. 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க மீன்பிடிச் சட்டப்படி இரண்டுமே குற்றம்.

நீர்த்திட்டம் என்றதும் ஊவாவில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது உமா ஓயாதான். புகுல்பொலவிலும் டயரபாவிலும் அணைகள், அங்கிருந்து ஏறத்தாழ 15 கிலோமீற்றர் சுரங்கம், வெல்லவாயாப் பக்கம் நிலத்தடியில் 120 மெகாவாற் மின்நிலையம். 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017 இல் மறுபடியும் கசிவு. அந்த ஜூனில் மக்கள் பண்டாரவளைத் தெருவில் திரண்டனர். 2024 ஏப்ரல் 24 இல் திட்டம் திறந்துவைக்கப்பட்டது. மின்சாரமா, விவசாயமா, மக்களா என்ற சண்டையாகவே இது பேசப்படுகிறது. நான் எடுத்துக்கொள்வது வேறொன்று: தண்ணீர் எடுக்கும் இடத்தை மட்டும் பார்த்திருந்தால் இந்தப் பாதிப்பு தெரிந்திருக்காது. அது சுரங்கம் போன வழியில் வந்தது. ஆகவே உங்கள் பகுதிக்கு ஒரு திட்டம் வந்தால் அணை எங்கே என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். குழாயும் சுரங்கமும் எந்த மலைக்குள்ளால் போகின்றன, அங்கே யாருடைய ஊற்று இருக்கிறது என்றும் கேளுங்கள்.

கேட்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் 1988 இல் திருத்தப்பட்டபோது, குறித்த வகைத் திட்டங்களுக்கு முன் அனுமதி கட்டாயமானது. முழுமையான சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்றால் வர்த்தமானியிலும் சிங்களம், தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவித்து, பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் தரவேண்டும்.

ஓட்டையும் அங்கேயே இருக்கிறது. 1993 ஜூன் வர்த்தமானிப் பட்டியலில் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேர வேண்டுமானால் அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு அரை மில்லியன் கன மீற்றரைத் தாண்ட வேண்டும். ஆளுக்கு 120 லீற்றர் என்று வைத்தாலும் அது நாற்பது இலட்சம் பேருக்கான தண்ணீர்; ஊவா மாகாணத்தின் சனத்தொகையைப் போல ஏறத்தாழ மும்மடங்கு. பதுளைக்கு வரும் எந்தக் குடிநீர்த் திட்டமும் அந்த அளவை எட்டாது. ஆனால் அதே பட்டியலின் மூன்றாம் பகுதியைப் பலர் படிப்பதில்லை. எங்காவது ஓரிடத்தில் 25 மீற்றருக்கு மேல் அகலமுள்ள பொது நீரோடையின் கரையிலிருந்து 60 மீற்றருக்குள் அமையும் பட்டியல் திட்டத்துக்கு இந்த அளவுக் கணக்குப் பொருந்தாது. "சிறிய திட்டம், மதிப்பீடு தேவையில்லை" என்று அலுவலகத்தில் சொன்னால் இந்த வரியைக் காட்டுங்கள்.

சிறிய திட்டங்களுக்கு ஆரம்ப சுற்றாடல் ஆய்வு மட்டுமே நடக்கலாம். 2000 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அதற்கு 30 நாள் கருத்துக்கேட்பு இல்லை. ஆனாலும் அது யாரும் பார்வையிடக்கூடிய பொது ஆவணம். கொடுக்க மறுத்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் அல்லது மத்திய சுற்றாடல் அதிகார சபையின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே கேட்கலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு வரவேண்டும். வராவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு, அதன்பின் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு.

கேட்க வேண்டியது நாலே கேள்வி. மிக வரண்ட மாதத்தில் ஓயாவின் ஓட்டம் அளக்கப்பட்டதா, எத்தனை வருடம்? அணைக்குக் கீழே எப்போதும் விடப்படும் நீர் எவ்வளவு? அதை யார், எந்தக் கருவியால் அளப்பார்? அங்குள்ள மீன்கள் எந்தப் பருவத்தில் கணக்கெடுக்கப்பட்டன? மாரியில் மட்டும் எடுத்த கணக்கு பயனற்றது. மழைக்காலத்தில் நிரப்பும் சேமிப்புத் தாங்கி, பழைய குழாய்களின் கசிவைத் திருத்துவது, ஊற்றுக்கண் காட்டைக் காப்பது ஆகிய மாற்றுவழிகள் ஆராயப்பட்டனவா என்றும் சேர்த்துக்கொள்ளலாம். இவை மீனுக்கு மட்டுமல்ல, பீலிக்கும் நல்லவை.

கேள்வியைக் கட்டுமானத்துக்கு முன்பே கேட்க வேண்டும். அமெரிக்காவில் டெலிகோ அணையை ஒரு சிறு மீனுக்காக 1978 இல் உச்ச நீதிமன்றமே நிறுத்தியது. அணை அப்போது முடியும் தறுவாயில் இருந்தது. மறுவருடம் நாடாளுமன்றம் விலக்களிக்க, நீர் நிரப்பப்பட்டது.

தோட்டத்தாருக்கு இன்னொரு சிக்கல். தண்ணீர் கேட்டால் பிரதேச சபை தோட்ட நிர்வாகத்தைக் காட்டும், நிர்வாகம் சபையைக் காட்டும். சபைகள் தோட்டங்களுக்குப் பணம் செலவிடத் தடையாக இருந்த விதி 2018 இல் திருத்தப்பட்டுவிட்டது. "எங்கள் எல்லையில்லை" என்ற பதிலை ஏற்கத் தேவையில்லை.

பாதிப்பு வந்துவிட்டால் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் எழுத்தில் முறையிட்டு, பிரதியில் முத்திரை வாங்குங்கள். கிணற்று மட்டத்தையும் சுவர் வெடிப்பையும் திகதி தெரியப் படம் எடுங்கள். வேலை தொடங்குமுன் எடுத்த படம் இருந்தால் அதுதான் பெரிய சான்று. நீரோடையை மாசாக்கினால் பொதுத் தொல்லை என்று நீதவான் நீதிமன்றத்தை நாடலாம். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போவதானால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். எப்பாவல பொஸ்பேற்று வழக்கில் 2000 ஆம் ஆண்டு அந்த நீதிமன்றமே, இயற்கை வளங்களுக்கு அரசு மக்கள் சார்பிலான பொறுப்பாளர் என்ற நிலைப்பாட்டை எடுத்தது. கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருப்பதிலேயே அந்த ஒரு மாதம் போய்விடும். பாதிப்புத் தெரிந்த வாரத்திலேயே சட்ட உதவி ஆணைக்குழுவில் ஒரு சட்டத்தரணியைப் பார்த்துவிடுங்கள்.