ஆழ்கடலுக்குப் போகும் கூட்டுக்கு எது காவல்?

கோல சிலாங்கூர் புக்கிட் மலாவாத்தியின் மேல் பிள்ளைகளோடு நின்று கடலைப் பார்த்திருப்பீர்கள். மேலே சாதுவாகத் தெரியும் அந்தத் தண்ணீர், ஆழத்தில் எவ்வளவு கனக்கும் என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும், ஒரு சதுர சென்டிமீட்டரின் மேல் ஏறக்குறைய ஒரு கிலோ பாரம் கூடுகிறது. ஒரு சதுர சென்டிமீட்டர் என்பது நம் பெருவிரல் நகத்தின் அளவுதான். 6,000 மீட்டர் ஆழத்தில் அந்த நகத்தளவு இடத்தின் மேல் 600 கிலோ அழுத்தும். ஒரு செம்பனைக் குலை 20 கிலோ என்று வைத்துக்கொண்டால், 30 குலைகளை ஒரு நகத்தின் மேல் அடுக்கியதற்குச் சமம்! அதுவும் மேலிருந்து மட்டுமல்ல, எல்லாப் பக்கங்களிலிருந்தும்.

நம் நாட்டின் முதல் நீர்மூழ்கிக் கப்பலான ‘துங்கு அப்துல் ரஹ்மான்’, 2009 செப்டம்பர் 3-ஆம் நாள் கிள்ளான் துறைமுகத்தை வந்தடைந்தது. அது கடற்படையின் கப்பல். இன்றோ, வசதி படைத்த தனியார்களும் சொந்தமாக நீர்மூழ்கி வைத்திருக்கிறார்கள். யாருடையதானாலும், உள்ளே இருப்பவரின் உயிரைக் காப்பது அவரைச் சுற்றியுள்ள கூடு ஒன்றுதான். அந்தக் கூட்டை எப்படிப் பலப்படுத்துகிறார்கள்?

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். காலியான தண்ணீர்ப் போத்தலில் சற்றுச் சூடான நீரை ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிட்டு, உடனே மூடியை இறுக்குங்கள். உள்ளே காற்று ஆறிச் சுருங்கியதும், வெளிக்காற்று போத்தலை நசுக்கும். வழவழப்பான பகுதிதான் முதலில் ஒடுங்கும். வளையம் வளையமாக வரி போட்ட பகுதி தாக்குப் பிடிக்கும்.

இதுதான் முதல் பாடம். வட்டமாக இருக்கும்வரை பாரம் எல்லாப் பக்கமும் சமமாகப் பகிரப்படும். வட்டம் சிறிது நெளிந்தாலும் அந்த இடத்திலேயே மடிந்துவிடும். ஆகவேதான் குழாய் வடிவ நீர்மூழ்கிகளுக்கு, விலா எலும்பு போல எஃகு வளையங்களைப் பற்றவைக்கிறார்கள். கதவு, கண்ணாடிச் சன்னல் என்று துளை போட்ட இடங்களைச் சுற்றி இன்னும் தடித்த வளையம் வைக்கிறார்கள். மிக ஆழத்திற்குப் போவதென்றால் குழாயையே விட்டுவிட்டு உருண்டையாகச் செய்கிறார்கள்.

‘தகட்டைத் தடிப்பாக்கிக்கொண்டே போனால் என்ன?’ என்று கேட்கலாம். தடிப்பு கூடினால் கனமும் கூடும். பிறகு மேலே மிதந்து வருவது எப்படி? ஆகவே எஃகைவிடக் கனம் குறைந்த, ஆனால் உறுதியான டைட்டானியம் என்ற உலோகத்தை நாடுகிறார்கள்.

அமெரிக்கச் செல்வர் விக்டர் வெஸ்கோவோ, 2019-இல் தம் சொந்த நீர்மூழ்கியில் மரியானா அகழியின் அடித்தளம்வரை, ஏறக்குறைய 10,900 மீட்டர் ஆழம் இறங்கினார். அதன் டைட்டானிய உருண்டையின் தடிப்பு 90 மில்லிமீட்டர். ஆட்களை ஏற்றுமுன் அந்த உருண்டையைச் சோதனைத் தொட்டியில் வைத்து, கடலடியில் இருப்பதைவிடக் கூடுதலான அழுத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். கப்பல்களைத் தரம் பார்க்கும் அமைப்பு ஒன்று சான்றிதழும் வழங்கியது.

இதற்கு நேர்மாறானது ‘டைட்டன்’ என்ற இன்னொரு தனியார் நீர்மூழ்கியின் கதை. 127 மில்லிமீட்டர் தடிப்புள்ள அதன் குழாய், கார்பன் இழைகளைப் பசையோடு சுற்றிச் செய்யப்பட்டது. இழை, கயிறு போன்றது. கயிற்றை இழுத்தால் பாரம் தாங்கும். தள்ளினால் தாங்குமா? ஆழ்கடல் செய்வதோ தள்ளும் வேலை! அந்தக் குழாய்க்கு எந்தத் தர அமைப்பின் சான்றிதழும் இல்லை. பாதுகாப்புக் குறைகளை எடுத்துச் சொன்ன அதிகாரி 2018-இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 2022 ஜூலையில் மேலே எழும்போது ‘டமார்’ என்ற பெரும் ஓசை கேட்டது. அதன்பின் கருவிகள் காட்டிய கணக்கும் மாறியது. ஆனாலும் மீண்டும் இறக்கினார்கள். 2023 ஜூன் 18-ஆம் நாள், டைட்டானிக் கப்பல் கிடக்கும் இடத்தை நோக்கி இறங்கியபோது, கண்ணிமைக்கும் நேரத்தில் அது நொறுங்கியது. ஐவர் மாண்டனர். நிறுவனத்தின் தலைவரும் அவர்களில் ஒருவர். ஒரு தந்தையும் அவருடைய 19 வயது மகனும் உடன் போனார்கள். இது தவிர்த்திருக்கக்கூடிய விபத்து என்று அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2025-இல் அறிக்கை வெளியிட்டது.

நம் தமிழ் மண்ணிலும் இந்த வேலை நடக்கிறது தெரியுமா? சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், மூவரை 6,000 மீட்டர் ஆழத்திற்குக் கொண்டுசெல்ல ‘மத்ஸ்யா 6000’ என்ற கலத்தை உருவாக்கி வருகிறது. முதலில் எஃகு உருண்டை ஒன்றைச் செய்து, 2021-இல் வங்கக் கடலில் ஆளில்லாமல் 600 மீட்டர்வரை இறக்கிப் பார்த்தார்கள். ஆழ்கடலுக்கான டைட்டானிய உருண்டையின் தடிப்பு 80 மில்லிமீட்டர். அதன் இரு பாதிகளை ஒட்டும் முறையைக் கண்டறிய, இந்திய விண்வெளி நிறுவனத்தார் ஏறத்தாழ 700 முறை பற்றவைத்துச் சோதித்தார்களாம். 700 முறை! பொறுமை என்றால் இதுவல்லவா பொறுமை?

இதெல்லாம் நமக்கு எட்டாத சங்கதி என்று எண்ண வேண்டாம். நம் வட்டாரத்துச் செம்பனை ஆலைகளில் பாய்லர் இருக்கிறது. அதில் அழுத்தம் உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. நீர்மூழ்கியில் வெளியிலிருந்து உள்ளே தள்ளுகிறது. வேறுபாடு அவ்வளவே. அரசாங்கத்தின் தகுதிச் சான்றிதழ் இல்லாமல் பாய்லரை ஓட்டக்கூடாது என்பது சட்டம். பரிசோதகர் வரும் நாளில் ஆலை நிற்கிறதே என்று சிலர் முணுமுணுக்கலாம். அந்த ஒரு நாள்தான் மற்ற நாள்களில் நம்மவர்களை உயிரோடு வீட்டுக்கு அனுப்புகிறது.

பெற்றோர்களே, நம் பிள்ளைகளில் பலர் பற்றவைப்புத் தொழில் கற்கப் போகிறார்கள். அதைப் படிப்பு வராதவன் பார்க்கும் வேலை என்று தாழ்வாகப் பேசாதீர்கள். ஒரு விரற்கடை அளவு குறையான பற்றவைப்பில் பல உயிர்கள் போகும். கைத்திறனோடு இன்னொன்றையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்: இயந்திரத்தில் புதிய ஓசை கேட்டால், முதலாளியே ‘ஓட்டு’ என்றாலும், ‘பார்த்துவிட்டு ஓட்டுவோம், ஐயா’ என்று சொல்லும் துணிவு வேண்டும். தடித்த உலோகத்தோடு அந்தச் சொல்லும் சேர்ந்தால்தான் கூடு பலமான கூடு!