104 என்றால் 104 அல்ல

டில்லியில் செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத்ராய் மார்க்கெட். மும்பையில் லாமிங்டன் ரோடு. பெங்களூரில் எஸ்.பி. ரோடு. சென்னையில் ரிச்சி தெரு. எந்த ஊரானாலும், டிவி போர்டிலிருந்து கழற்றிய ஒரு துண்டை நீட்டி "இதே மாதிரி வேணும்" என்று கேட்பவர்களைப் பார்க்கலாம். கடைக்காரர் கண்ணைச் சுருக்கி அதன் மேலுள்ள பொடி எழுத்தைப் படிப்பார். வந்தவருக்கு அது பிரம்ம லிபி.

அந்தத் துண்டு பெரும்பாலும் கெப்பாசிட்டர். பாடப் புத்தகம் 'மின்தேக்கி' என்கிறது. நல்ல சொல், ஆனால் கடையில் அந்தப் பெயரில் கேட்டால் கிடைக்காது. ஃபேன் மெக்கானிக்குகளுக்கு அது இன்றும் 'கண்டன்சர்'தான்.

சின்னப் பீங்கான் வில்லையில் 104 என்று இருந்தால், முதல் இரண்டு இலக்கங்கள் மதிப்பு. மூன்றாவது, பின்னால் சேர்க்க வேண்டிய பூஜ்யங்கள். ஆக 1,00,000 பைக்கோ ஃபாரட், அதாவது 0.1 மைக்ரோ ஃபாரட். 472 என்றால் 4,700 பைக்கோ ஃபாரட். வெறும் 47 என்றால் 47தான். கடைசியில் வரும் 'கே'யை ஆயிரம் என்று நினைப்பவர்கள் உண்டு. மதிப்பு 10 சதவீதம் கூடலாம், குறையலாம் என்பதே அதன் பொருள். 'ஜே' என்றால் 5, 'எம்' என்றால் 20.

ஃபேன் கண்டன்சரில் காணும் '2.5 எம்.எஃப்.டி.'யில் உள்ள எம், மைக்ரோ. நாளாக ஆக இந்த மதிப்பு இறங்கும், ஃபேன் சோம்பும். அதே அளவில் புதிதாக மாட்டினாலே பெரும்பாலும் பழைய வேகம் திரும்பிவிடும். காற்று பிய்த்துக்கொண்டு வரட்டும் என்று கூடுதல் அளவில் போட்டால் மோட்டார் சூடேறி, காலப்போக்கில் வைண்டிங் போகும்.

உயிருக்கு உலை வைப்பது வோல்ட் எண். வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்பது ஏ.சி. கணக்கு. அதன் உச்சம் சுமார் 325 வோல்ட். சப்ளை 270ஐத் தொட்டால் 380. டிவியின் பவர் சப்ளையில் 400 வோல்ட் கெப்பாசிட்டர் இருப்பது அதனால்தான். அங்கே 250 வோல்ட் ஒன்றை வைத்தால் வெடிக்கும். மின்சாரம் நுழையும் இடத்திலிருக்கும் சதுரப் பெட்டியில் 'எக்ஸ்2', 275 வோல்ட், பக்கத்தில் ஒரு நெளிகோடு இருக்கும். நெளிகோடு ஏ.சி.யைக் குறிக்கிறது, எக்ஸ்2, கெட்டுப்போனாலும் தீப்பிடிக்காதபடி செய்யப்பட்டது என்பதற்கான வகைப்பெயர். 'ஒய்' வகை இன்னும் முக்கியம். மின்கம்பிக்கும் சாதனத்தின் உலோக உடலுக்கும் நடுவே நிற்பது அது. எர்த் இல்லாத வீட்டில் அந்த இடத்தில் வைத்த மலிவுச் சரக்கு ஷார்ட் ஆனால், தொட்டவர் கதி அதோகதி. மதிப்பு ஒன்றாக இருக்கிறதே என்று கிடைத்ததை மாட்டுவது ரிப்பேரே அல்ல.

துருவத்திலும் ஒரு பொறி. அலுமினியக் குப்பியில் பட்டைக் கோடு மைனஸ் பக்கம். போர்டில் ஒட்டிய டான்டலத்தில் கோடு ப்ளஸ் பக்கம். மாற்றி வைத்தால் டான்டலம் தீப்பற்றும். 105 டிகிரி என்று அச்சிட்டிருந்த இடத்தில் 85ஐ வைத்தால் வெடிக்காது, சீக்கிரம் சாகும்.

இதெல்லாம் எழுத்து இருக்கும்வரை. புதிய போர்டுகளில் கடுகளவில் ஒட்டியிருக்கும் பீங்கான் கெப்பாசிட்டர்களில் ஒன்றுமே எழுதியிருக்காது. சர்க்யூட் படம் கையில் இல்லாத மெக்கானிக், அதே மாடலின் காயலான் போர்டைத் தேடிப்பிடித்து, அதே இடத்துத் துண்டைக் கழற்றி, மீட்டரில் அளந்து பார்க்கிறார்.