வன்செயலும் ஒடுக்குமுறையும் இளையோரும்

வன்செயல் சில நாட்களில் ஓய்ந்துவிடும். ஆனால் இளையோர் இழந்த கல்வி மீண்டும் கிடைப்பதில்லை. இதற்குப் பலாங்கொடை அமைந்துள்ள இரத்தினபுரி மாவட்டம் தக்க சான்றாகும்.

பின்னணி:
1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் மலையகத் தமிழரில் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். 1949 இல் வாக்குரிமையையும் இழந்தனர். இம்மக்களின் லயங்கள் 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் இனவன்செயல்களில் தாக்கப்பட்டன.

இளையோர் அடைந்த பாதிப்புகள்:
1. கல்வி – குடும்பத்துடன் இரவோடிரவாக வெளியேறிய பிள்ளைகளின் படிப்பு இடையில் நின்றது. பிறப்புச் சான்றிதழ், விடுகைப் பத்திரம் என்பனவும் வீட்டோடு அழிந்தன.
2. தொழில் – பிரஜாவுரிமை இன்மையால் அரச தொழில் கிட்டவில்லை.
3. இடப்பெயர்வு – வவுனியா, கிளிநொச்சி மாவட்டங்களில் குடியேறியோரை 2009 வரை நீடித்த போர் மீண்டும் இடம்பெயரச் செய்தது.
4. உளநிலை – அச்சமும் அயலவர் மீதான ஐயமும் வளர்ந்தன.

இப்பாதிப்பு ஓர் இனத்தவருக்கு மட்டும் உரியதன்று. 1989-1990 காலப்பகுதியில் இதே மாவட்டத்தின் எம்பிலிப்பிட்டியில் சிங்களப் பாடசாலை மாணவர் பலர் கடத்தப்பட்டுக் காணாமற்போயினர். 1999 இல் இராணுவத்தினர் உள்ளிட்டோருக்கு நீதிமன்றம் தண்டனை விதித்தது. மாணவரோ வீடு திரும்பவில்லை.

2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கியது. எனினும் 1948 இல் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது 55.

கவனிக்க: “மனிதப் பாதிப்பு” பற்றிய வினாவுக்கு இறந்தோர் தொகையை மட்டும் எழுதுவது போதாது. உயிர் தப்பிய இளையோர் இழந்தவற்றையும் விளக்குக.