கறுப்பெண்ணெயை வீட்டிலேயே மாற்றலாம்

தோட்ட லயத்தில் குடியிருப்பவரானாலும், தோட்டம் துண்டாடப்பட்ட பின் பட்டணத்து அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தவரானாலும், வாசலில் ஒரு கப்சாய் நிற்காத வீடு நம்மில் குறைவு. அது ஓடினால்தான் அப்பா வேலைக்குப் போவார். பிள்ளை பள்ளிக்குப் போகும். அரிசி மூட்டையும் கேஸ் தோங்கும் வீடு வந்து சேரும். காரைப் போல அதற்கு மாற்று வண்டி கிடையாது. ஒரு நாள் அது படுத்துவிட்டால் அன்றைய சம்பளமும் அதனோடு படுத்துவிடும்.

இத்தனை பாரத்தையும் சுமக்கிற அந்தச் சிறிய என்ஜினின் வயிற்றில் இருக்கும் எண்ணெய் எவ்வளவு தெரியுமா? ஒரு காரில் மூன்று, நான்கு லிட்டர் ஊற்றுவார்கள். ஹோண்டா இஎக்ஸ்5 வகை வண்டியில் 700 முதல் 800 மில்லிதான். இதற்குள் வேலைப் பங்கீட்டையும் பாருங்கள். காரில் என்ஜினுக்கு ஓர் எண்ணெய், கியர்பெட்டிக்கு வேறோர் எண்ணெய். கப்சாயிலோ என்ஜின், கிளட்ச், கியர் மூன்றும் ஒரே எண்ணெயில் குளிக்கின்றன. கியர்ப் பற்கள் எண்ணெயை அரைத்துக்கொண்டே இருப்பதால் அதன் கெட்டித்தன்மை விரைவில் குறைகிறது. முக்கால் லிட்டர் எண்ணெயை மூன்று வேலைக்கு அனுப்பிவிட்டு, "இன்னும் ஒரு மாதம் போகட்டுமே" என்று தள்ளிப் போடுகிறோம்.

பட்டறையில் இதை 'மின்யாக் ஹித்தாம்' என்பார்கள். நம்மவர்களும் அதைத் தமிழாக்கிக் கறுப்பெண்ணெய் என்று சொல்வதுண்டு. மாற்றிக்கொள்ளப் பட்டறைக்குப் போனால் பத்து நிமிட வேலை. பிறகு ஏன் வீட்டில் செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். கூலி மிச்சம் என்பது சின்னக் காரணம். வெளியே வருகிற பழைய எண்ணெயை உங்கள் கண்ணால் பார்க்கிறீர்களே, அதுதான் பெரிய காரணம். பட்டறையில் அது தரைக்கடியில் உள்ள தட்டில் விழுந்து மறைந்துவிடும். என்ஜின் தன் நோயைச் சொல்லும் இடமோ அதுவேதான்.

எப்போது மாற்றுவது? வண்டியோடு வந்த கையேட்டில் கிலோமீட்டர் கணக்கு இருக்கும். ஆனால் அதே கையேட்டில், தூசி நிறைந்த பாதையிலும் கடும் சுமையோடும் ஓட்டுகிறவர்கள் இன்னும் சீக்கிரம் மாற்ற வேண்டும் என்றும் எழுதியிருப்பார்கள். செம்பனைக் காட்டுச் செம்மண் பாதையில், பின்னால் இரண்டு பேரோடு, இரண்டாம் கியரிலேயே மேடேறும் வண்டி எந்த வகையைச் சேர்ந்தது என்று நீங்களே சொல்லுங்கள். பட்டணத்தில் உணவு விநியோகம் செய்யும் இளைஞர்கள் நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டர் ஓட்டினால் ஒரே மாதத்தில் 3,000 கிலோமீட்டர் தாண்டிவிடுகிறது. அவர்கள் 'மாதா மாதம்' என்று வைத்துக்கொள்வதே நல்லது. மாறாக, சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும் போய்வரும் வண்டியும் தப்பாது. என்ஜின் முழுச் சூடு அடையுமுன் அணைக்கப்படுவதால் உள்ளே ஈரம் தங்கி எண்ணெயைக் கெடுக்கிறது. அதற்குக் கிலோமீட்டரைவிட நாட்காட்டியே கணக்கு.

புதிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உத்தரவாதக் காலம் முடியும்வரை நிறுவனம் அங்கீகரித்த பட்டறையிலேயே மாற்றி, புத்தகத்தில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு இந்தப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள்.

எண்ணெய் வாங்கும்போது

போத்தலின் முகப்பில் இருக்கும் புலிப் படத்தையும் பந்தய வீரரையும் விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். 'ஜாசோ எம்ஏ' என்ற எழுத்துகள் இருக்க வேண்டும். எண்ணெயில் நனைந்தபடி இயங்கும் கிளட்ச் உள்ள மோட்டார் சைக்கிளுக்கென்று ஜப்பானியர் வகுத்த தரம் அது. கார் எண்ணெயில் வழுவழுப்பைக் கூட்டும் மருந்துகள் சில சேர்க்கப்படுகின்றன. காருக்கு அவை நல்லவை. நம் வண்டியிலோ கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று பற்றாமல் வழுக்கும். என்ஜின் இரையும், வண்டி நகராது. 'எம்பி' என்று போட்டிருப்பது ஸ்கூட்டர்களுக்கு. அதையும் தவிர்க்க வேண்டும். 10டபிள்யூ-40, 20டபிள்யூ-50 முதலிய எண்களில் எது என்பதைக் கையேடே சொல்லும். விலை உயர்ந்ததுதான் சிறந்தது என்பதில்லை. சரியான தரமுள்ள சாதாரண எண்ணெயைத் தவறாமல் மாற்றுகிறவரின் வண்டி, விலை உயர்ந்த எண்ணெயை ஊற்றிவிட்டு மறந்துபோகிறவரின் வண்டியைவிட நீண்ட நாள் வாழும்.

போலி எண்ணெய் பிடிபட்ட செய்திகள் பத்திரிகைகளில் பலமுறை வந்திருக்கின்றன. சந்தை விலையைவிட வெகு மலிவாக யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். காலிப் போத்தலை வெட்டிவிட்டுத்தான் எறிய வேண்டும். முழுப் போத்தல்தானே மறுபடி நிரப்பப்படுகிறது!

வேலையைத் தொடங்குவோம்

வேண்டியவை சில: சரியான அளவு ஸ்பேனர் (ஹோண்டா கப்சாய்கள் பலவற்றுக்கு 17), பழைய பேசின், புனல், மில்லி கோடு போட்ட அளவுக் குவளை, புதிய வாஷர், பழந்துணி, ரப்பர் கையுறை. வண்டியை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். இளஞ்சூட்டில் எண்ணெய் இளகும். அடியில் தங்கிய கசடும் கலந்து வெளியே வரும். நெடுந்தூரம் ஓடிவந்த உடனே கைவைத்தால் எண்ணெயும் சுடும், பக்கத்துப் புகைக்குழாயும் சுடும். சமதரையில், நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சின்னக் குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

அளவுக் குச்சி இருக்கும் மூடியை முதலில் திறந்துவிட்டு, என்ஜினின் அடிவயிற்றில் உள்ள போல்ட்டைக் கழற்ற வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான். மேலிருந்து குனிந்து பார்த்தபடி ஸ்பேனரைத் திருப்பினால் திசை தலைகீழாகிவிடும். கழற்றுவதாக நினைத்துக்கொண்டு இறுக்குவார்கள். தரையில் படுத்து, போல்ட்டின் தலையை நேரே பார்த்து, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்புங்கள். போல்ட் இரும்பு, அது நுழையும் என்ஜின் உடம்போ அலுமினியம். இரண்டுக்கும் சண்டை வந்தால் எது தோற்கும் என்பது தெரிந்ததுதானே? மரை போய்விட்டால் புது மரை வெட்ட வேண்டிய செலவு.

எண்ணெய் சொட்டி முடிய பத்து நிமிடமாவது விடுங்கள். அதற்குள் ஃபில்டரைப் பார்த்துவிடலாம்.

'ஆயில் ஃபில்டர்' எல்லா வண்டியிலும் ஒன்றல்ல. யமஹா ஒய்15இசட்ஆர், எல்சி135 போன்றவற்றில் சிறிய வட்ட மூடிக்குள் காகித ஃபில்டர் இருக்கும். மூடியின் போல்ட்டுகளைக் கழற்றி, உள்ளே எந்தப் பொருள் எந்த வரிசையில், எந்த முகமாக இருந்தது என்று கைப்பேசியில் ஒரு படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபில்டரைத் திருப்பிப் போட்டுவிட்டால் எண்ணெய் போக வேண்டிய வழியில் போகாது. மேல் தலையில் உள்ள கேம்ஷாஃப்ட் வறண்டு தேய்ந்த பிறகே விஷயம் தெரியவரும். மூடியின் ரப்பர் வளையத்தில் புதிய எண்ணெயைத் தடவி வையுங்கள். பழையது நசுங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். சின்னப் போல்ட்டுகளை மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும்.

இஎக்ஸ்5இல் காகித ஃபில்டரே கிடையாது. வலப்பக்கக் கவசத்தினுள் சுழலும் ஒரு கிண்ணம் கசடைச் சுழற்சி வேகத்தால் ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறது. அடியில் ஒரு கம்பிவலையும் உண்டு. 1958இல் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப் வழிவந்த குடும்பம் இது. தாத்தா காலத்து ஏற்பாடுதான், ஆனால் நல்ல ஏற்பாடு. அதைச் சுத்தம் செய்யக் கவசத்தையே பிரிக்க வேண்டும் என்பதால் அந்த வேலையை மட்டும், 12,000 கிலோமீட்டர் அளவுக்கு ஒருமுறை, பட்டறையில் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ஃபில்டர் இல்லாத வண்டியில் அடிக்கடி எண்ணெய் மாற்றுவதே ஃபில்டர்.

பழைய எண்ணெய் சொல்லும் கதை

இப்போது பேசினுக்கு வருவோம். முதலில் அளந்து பாருங்கள். 700 மில்லி ஊற்றிய வண்டியிலிருந்து 500தான் வந்தால், வெளியே ஒழுகிய தடமும் இல்லாவிட்டால், 200 மில்லியை என்ஜின் குடித்துவிட்டது என்று பொருள். பிஸ்டன் வளையமோ வால்வு ரப்பரோ தளர்ந்திருக்கிறது. இனி வாரம் ஒருமுறை அளவுக் குச்சியைப் பார்ப்பது கட்டாயம். நெடுஞ்சாலையில் என்ஜின் திடீரென இறுகிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் நடப்பது என்னவென்று சொல்லத் தேவையில்லை. வீட்டில் எண்ணெய் மாற்றுகிறவருக்கு இந்தச் செய்தி மாதங்களுக்கு முன்பே கிடைத்துவிடுகிறது.

நிறம் கறுப்பாக இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். கரியை ஒட்டவிடாமல் கழுவித் தன்னிடம் வைத்துக்கொள்வது எண்ணெயின் வேலை. பால் கலந்த தேநீர் நிறம் வந்தால்தான் கவலை: தண்ணீர் புகுந்திருக்கிறது. நீர்க்குளிர்ச்சி உள்ள வண்டியானால் தண்ணீர்ப் பம்பின் சீல் பழுதாகியிருக்கலாம். வெள்ளத்தில் நின்ற வண்டியானாலும் இதே நிறம்தான். 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா பகுதி வெள்ளத்தில் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி மூழ்கிய வண்டியை உடனே ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது. பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போய் நீரையும் எண்ணெயையும் இறக்கிய பிறகே முயல வேண்டும். எண்ணெயை வெயிலில் காட்டுங்கள். புது வண்டியில் முதல்முறை மெல்லிய மினுமினுப்பு இருப்பது இயல்பு. பழகிய வண்டியில் துகள் துகளாக விரலில் தட்டுப்பட்டால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

போல்ட்டைத் திரும்பப் போடும்போது புதிய வாஷரோடு முதல் சில சுற்று விரலாலேயே திருக வேண்டும். பிறகு ஸ்பேனர். எவ்வளவு இறுக்குவது? ஹோண்டா கப்சாய்களுக்குச் சொல்லப்படும் அளவு 24 நியூட்டன் மீட்டர். வீட்டுக் கணக்கில் சொன்னால், 20 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் 12 கிலோ அரிசியைத் தொங்கவிட்ட பாரம். அதற்குமேல் காலால் மிதிப்பது வீரமாகாது.

புதிய எண்ணெயை அளந்து ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். குச்சியைத் துடைத்து நுழைத்துப் பாருங்கள். பெரும்பாலான கப்சாய்களில் திருகாமல் வைத்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டு கோட்டுக்கும் நடுவே, மேல்கோட்டை ஒட்டி நிற்கட்டும். அதிகம் ஊற்றுவதும் கெடுதல். என்ஜின் கனத்து, எண்ணெய் நுரைத்துக் காற்றுக்குழாய் வழியே வெளியேறும்.

இனிப் பேசினில் உள்ளது. லோங்கானில் கொட்டிவிடுகிற பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. அந்த லோங்கான் ஆற்றுக்குப் போகிறது, ஆறு குழாய்க்கு வருகிறது. மலேசியாவின் 2005ஆம் ஆண்டுக் கழிவு விதிகளில் பழைய மசகெண்ணெய்க்கு எஸ்டபிள்யூ 305 என்று தனி எண்ணே உண்டு. நாய்க்குச் சொறி வந்தால் இதைப் பூசுகிற வைத்தியமும் தோட்டங்களில் உண்டு. நாய் அதை நக்கும், தோல் வெந்துபோகும், மருத்துவரிடம் காட்டுங்கள். மனிதத் தோலுக்கும் இது ஆகாது. நீண்ட நாள் பட்டுக்கொண்டே இருந்தால் தோல் புற்றுநோய்வரை கொண்டுபோகும் என்பதால்தான் கையுறை என்றேன். சர்பத் போத்தலில் ஊற்றி வைத்துவிடாதீர்கள் தாய்மார்களே, குழந்தை கையில் கிடைத்தால் விபரீதம். புதிய எண்ணெய் வந்த போத்தலிலேயே புனல் வைத்து ஊற்றி, மூடி, அடுத்த முறை கடைவீதிக்குப் போகும்போது பட்டறைத் தவ்கேயிடம் கொடுங்கள். அவர் அதைத் தோம்பில் சேர்த்து விற்கிறவர். வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

சுவர் நாட்காட்டியில் இன்றைய கிலோமீட்டரையும், வந்த எண்ணெய் எத்தனை மில்லி என்பதையும் குறித்து வையுங்கள். மறுநாள் காலை புறப்படுமுன் வண்டி நின்ற தரையை ஒருமுறை பாருங்கள். சொட்டு இருந்தால் போல்ட்டை இன்னும் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கிப் பாருங்கள். அப்போதும் நிற்காவிட்டால் வாஷரைச் சந்தேகியுங்கள்.