பாறை விளிம்பில் தானியக் குதிர்கள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், புக் கிளிஃப்ஸ் மலைப்பகுதியின் வறண்ட பாறைகளுக்கிடையே ரேஞ்ச் கிரீக் என்னும் சிற்றோடை பாய்கிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இதன் கரையில் மக்காச்சோளம் பயிரிட்டு, நிலத்தைக் குழித்து வீடமைத்து வாழ்ந்தோரை ஃபிரீமாண்ட் பண்பாட்டினர் என்பர் தொல்லியலார். 1951 முதல் இந்நிலத்தில் கால்நடை வளர்த்த வில்காக்ஸ் குடும்பத்தார், அயலார் நுழையாவண்ணம் வாயிலைப் பூட்டிக் காத்தனர். 2001இல் நிலம் கைமாறிப் பின்னர் மாநில அரசின் உடைமையாயிற்று. அந்த அரை நூற்றாண்டுக் காவலால், பிற இடங்களில் புதையல் வேட்டையர் சூறையாடிய வகைச் சான்றுகள் இங்கே கிடந்த இடத்திலேயே எஞ்சின.

யூட்டா பல்கலைக்கழகம் இங்கு நடத்திவரும் களப்பள்ளியில் மேற்பரப்பாய்வே அடிப்படைப் பாடம். மாணவர்கள் இடைவெளி விட்டு வரிசையாக நின்று, தரையில் கண்பதித்துச் சீராக நடக்கின்றனர். பானை ஓடோ கற்சில்லோ தென்பட்டால் அருகே சிறு கொடி நடுகின்றனர். அமைவிடத்தை அளந்து, ஒளிப்படம் எடுத்து, வரைபடத்தில் குறிக்கின்றனர். இவ்வாறு நூற்றுக்கணக்கான தொல்லிடங்கள் பதிவாகியுள்ளன.

அவற்றுள் வியப்பூட்டுவன தானியக் குதிர்கள். கல்லும் மரமும் மண்சாந்தும் கொண்டு, செங்குத்துப் பாறையின் இடுக்குகளில் அவை கட்டப்பட்டுள்ளன. சிலவற்றை இன்று கயிறு கட்டியே அணுக முடியும். உள்ளே சோளத்தக்கைகள் உலர்ந்து கிடந்ததும் உண்டு. விளைச்சலை இத்தனை உயரத்தில் வைத்தது ஏன்? களவுக்கு அஞ்சி மறைத்தனரா? அல்லது ஏறுபவன் எவனும் கீழிருப்போர் கண்ணுக்குத் தப்பாதவாறு வெளிப்படையாக வைத்தனரா? குதிர் ஒன்றைத் தனியே ஆய்ந்தால் விடை கிட்டாது. எந்த வீட்டிலிருந்து எந்தக் குதிர் தெரிகிறது என்பதைக் கணக்கிட வேண்டும். அதற்கு ஒவ்வொன்றின் அமைவிடமும் பிழையின்றித் தெரிந்திருத்தல் வேண்டும்.

காலக்கணிப்பிலும் இத்தகைய நுட்பம் உண்டு. வறண்ட நிலத்தில் பட்ட மரம் நெடுங்காலம் மட்காது கிடக்கும். குதிர் கட்டியவர் அதையே எடுத்துப் பயன்படுத்தியிருக்கலாம். அம்மரத்தின் கரிமக் கணிப்பு, குதிரின் வயதைக் கூட்டிக் காட்டிவிடும். சோளத்தக்கையோ ஒரே பருவத்தில் விளைந்தது. ஆதலால் அது விளைந்த காலத்தை நெருங்கிக் காட்டும்.

அகழ்ந்த மண்ணடுக்கை மீண்டும் அகழ இயலாது. மேற்பரப்பாய்வையோ, சான்றுகள் இடம்பெயராதவரை, பின்வருவோர் மீண்டும் நிகழ்த்தி முந்தைய முடிவைச் சரிபார்க்கலாம். கண்ட பானை ஓட்டைப் பையிலிடாமல் பதிவேட்டில் இடும் ஒழுக்கம், அந்தச் சரிபார்ப்புக்கு வழிவிடுகிறது. அறிவியலுக்குக் களப்பள்ளி ஆற்றும் தலையாய தொண்டு அதுவே.