லயத்தில் அமைந்த அருங்காட்சியகம்

வரலாறு என்பது அரண்மனைகளிலும் கல்வெட்டுகளிலும் மாத்திரம் உறைவதன்று. மக்கள் வாழ்ந்த இல்லமும் அவர்தம் கைக்கருவியும் அதற்குச் சான்றாவனவே. மலையகத்து வீடுகள் இரண்டினைக்கொண்டு இவ்வுண்மையை ஈண்டு ஆராய்வோம்.

ஊவாவில், அப்புத்தளைக்கு அருகே, அடிஷாம் என்னும் மாளிகை உளது. சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்பார் இங்கிலாந்தின் லீட்ஸ் கோட்டையைப் பின்பற்றிக் கட்டுவித்த இம்மாளிகை, 1931இல் நிறைவெய்தியது. இன்று ஆசீர்வாதப்பர் சபைத் துறவியரின் மடமாக விளங்கும் இதன் நூலகமும் வரவேற்பறையும் பழைமை குன்றாது பேணப்படுகின்றன.

மற்றையது, கம்பளைக்கு அண்மையில் பாரதெக்கவிலுள்ள பழைய லயம். சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் இதனைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கிற்று. ஒரே கூரையின்கீழ் நிரையாக அமைந்த காம்பராக்கள். அவற்றின் முன் சிறு இஸ்தோப்பு. பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி அளவினதாகிய இத்தகைய காம்பராவிலேயே ஒரு குடும்பம் முழுவதும் சமைத்தது, உறங்கிற்று, மகப்பேறும் கண்டது. ஆதலின், இங்கு வைத்துள்ள தொழிற்கருவிகள், வீட்டுப் பாண்டங்கள், இசைக்கருவிகள் ஆகியவற்றினும் கட்டடமே தலையாய காட்சிப்பொருள் எனலாம்.

பொருள்களினும் நுணுகி நோக்கத்தக்கன ஏடுகள். தொழிலாளியின் கடன்தொகையைத் தாங்கிய ‘துண்டு’ தீர்க்கப்படாதவரை, அவன் வேறு தோட்டம் புகுதல் அரிது. 1921இல் அம்முறை ஒழிந்தது. பின்னர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியராக வகுத்தது. எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே வழிதிறந்தது. ஒரு குடும்பம் பெட்டியடியில் வைத்துள்ள பழைய கடதாசி இந்நெடுங்கதையின் ஓர் ஏடாதல் கூடும்.

லயங்கள் நிலைத்தல் வேண்டுமென்பது நம் கருத்தன்று. அவை மறைந்து நல்லில்லங்கள் எழுதலே முறை. ஆயினும், லயத்தோடு அதன் சான்றுகளும் அழியுமாயின், மாளிகையின் வரலாறு மாத்திரமே எஞ்சும். அதனைத் தாங்கிய உழைப்பின் வரலாறு மறக்கப்படும்.

பசறை, ஆலி-எல, நமுனுகுலைப் பகுதி மாணவர் தத்தம் இல்லத்துப் பழைய கவ்வாத்துக் கத்தி, செக்ரோல் சீட்டு, கடவுச்சீட்டு முதலியவற்றை எறிந்துவிடற்க. பொருளின் பெயர், பயன், உரியவர், காலம் என்னும் நான்கினையும் மூத்தோரிடம் கேட்டு எழுதிவைக்க. கேட்பதற்கு மூத்தோர் உள்ளபோதே இது செய்யற்பாலது.